30 மேச்சேரிப் பெட்டைகள், ஒரு கிடாய்: குட்டியை எப்போது விற்பது, எந்தத் தாயைக் கழிப்பது?

கேள்வி: திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் 12 ஏக்கர் கொறங்காட்டில் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) 30 மேச்சேரிச் செம்மறிப் பெட்டைகளும் ஒரு கிடாயும் வைத்திருக்கிறேன். கிடாய் ஆண்டு முழுக்கப் பட்டியிலேயே நிற்கிறது. பட்டிக்கு வரும் வியாபாரி குட்டியைத் தூக்கிப் பார்த்து உருப்படிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார். நல்ல குட்டிகள் போய்விடுகின்றன, சவலைக் குட்டிகள் தேங்கி நிற்கின்றன. போன ஆண்டு ஏழு பெட்டைகள் சினை பிடிக்கவில்லை. பிறந்த குட்டிகளில் நான்கு முதல் வாரத்திலேயே இறந்துவிட்டன. குட்டிகளை எந்த வயதில் விற்க வேண்டும்? எந்தப் பெட்டையைக் கழிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்லும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. கிடாய் ஆண்டு முழுக்கப் பட்டியில் நிற்பதால் குட்டிகள் மாதம் இரண்டு மூன்றாகப் பிறக்கின்றன. விற்கும் நாளில் 2 மாதக் குட்டியும் 6 மாதக் குட்டியும் கலந்து நிற்கும். அதில் வியாபாரி நல்லதைப் பொறுக்கி, சராசரி விலையைச் சொல்லிவிட்டுப் போவார். சினை பிடிக்காத பெட்டை எது என்பதும் ஆண்டு முடியும் வரை தெரியாது. மேச்சேரி இனத்தில் இரட்டைக் குட்டி அபூர்வம். ஒரு பெட்டை ஒரு முறை தவறினால், அதன் ஓராண்டுத் தீவனச் செலவுக்கு வரவே இல்லை என்று பொருள். ஆகவே விற்கும் காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கிடாய் விடும் நாளை அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறியுங்கள்.

உங்கள் பகுதிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். கொழுக்கட்டைப்புல் செழித்து நிற்பது அப்போதிருந்து தை மாதம் வரை. பெட்டைக்குத் தீவனம் அதிகம் தேவைப்படும் காலம், சினையின் கடைசி 45 நாளும் பால் கொடுக்கும் முதல் 2 மாதமும். புல் செழிப்பும் இந்தத் தேவையும் ஒன்றுசேர வேண்டும். செம்மறியின் சினைக்காலம் சராசரியாக 147 நாள். ஆகஸ்ட் 1 அன்று கிடாயை விட்டு செப்டம்பர் 14 அன்று பிரித்துவிட்டால், டிசம்பர் 26 முதல் பிப்ரவரி 8 வரைக்குள் குட்டிகள் விழும். ஏப்ரலில் பால் மறக்கும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது மூத்த குட்டிக்கு ஆறரை மாதம் ஆகியிருக்கும். அம்மன் கோயில் நோன்பும் கிடாவெட்டும் இருக்கும் காலம் அது. புரட்டாசியில் கறி விற்பனை படுத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்கு முன்பே பெரும்பாலான கிடாய்க் குட்டிகள் பட்டியை விட்டுப் போயிருக்க வேண்டும்.

பக்ரீத்தை மட்டும் நம்பிப் பருவத்தை அமைக்காதீர்கள். அது ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. குர்பானிக்கு வாங்குவோர் வயது முதிர்ச்சியைப் பார்ப்பார்கள். கண் பழுதானதையும் நொண்டியையும் காது அறுந்ததையும் தொடமாட்டார்கள். அந்தச் சந்தைக்கென்று நான்கைந்து கிடாய்களை ஓராண்டு நிறுத்தி வளர்ப்பது தனிக் கணக்கு.

45 நாள் எதற்கு என்றால், பெட்டைக்குப் பருவம் வருவது 17 நாளுக்கு ஒரு முறை. அந்த இடைவெளியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று வாய்ப்புக் கிடைக்கும். கிடாய் விட்ட நாளிலிருந்து அதன் நெஞ்சடியில் நிறப்பொடியைச் சமையல் எண்ணெயில் குழைத்து இரண்டு நாளுக்கு ஒரு முறை பூசுங்கள். காவி வேண்டாம், மேச்சேரியின் செம்பழுப்பு மயிரில் அது தெரியாது. பச்சைப் பொடி நன்றாகத் தெரியும். கிடாய் ஏறிய பெட்டையின் பிட்டத்தில் நிறம் ஒட்டியிருக்கும். காலையில் பட்டி திறக்கும்போது அதன் காதுவில்லை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 17ஆம் நாள் கரித்தூளுக்கு மாற்றுங்கள். பச்சை பட்டிருந்த பெட்டையில் மறுபடி கரி பட்டால் முதல் முறை சினை நிற்கவில்லை. இரண்டு மூன்று பெட்டை அப்படி வந்தால் இயல்பு. பாதிக்கு மேல் திரும்பி வந்தால் குறை கிடாயிடம்தான். அன்றே வேறு கிடாய் பாருங்கள், அந்தப் பருவத்தைக் காப்பாற்றிவிடலாம்.

ஏழு பெட்டைகள் சினை பிடிக்காததற்கு முதலில் கிடாயைத்தான் சோதிக்க வேண்டும். 30 பெட்டைக்கு ஒரு கிடாய் என்பது நான்கு பல் போட்ட (ஏறக்குறைய இரண்டு வயதான), திடமான கிடாய்க்கே கடைசி எல்லை. இரண்டு பல் கிடாய் என்றால் 15 முதல் 20 போதும். விதைகள் இரண்டும் ஒரே அளவாக, அழுத்தினால் கெட்டியாக, கட்டி இல்லாமல் இருக்க வேண்டும். விந்து உருவாகி முடிய ஏறக்குறைய 7 வாரம் ஆகும். அதனால் மே மாத வெயிலில் நிழலின்றி நின்ற கிடாய் ஜூலை வரை குறையுடனேயே இருக்கும். ஆகஸ்டில் கிடாய் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜூன் முதலே கிடாய்க்கு நாளுக்கு 300 கிராம் அடர்தீவனமும் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது), மதியம் வெள்வேல மரத்தடி நிழலும் கொடுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரே கிடாயை வைத்திருந்தால் அது தன் மகள்களையே சேரும். குட்டிகள் சிறுத்துப் பிறக்க அது போதும். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கிடாய்க்குப் பதிவு செய்து வாங்கலாம். இல்லாவிட்டால் தொலைவிலுள்ள பட்டியிலிருந்து வாங்குங்கள்.

அடுத்தது பெட்டையின் உடல்நிலை. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கையை வைத்துப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகுத்தண்டின் மேல் விரல்களை வையுங்கள். எலும்பு நுனி சீப்புப் பல் போலக் கூராகத் தட்டுப்பட்டால் அந்தப் பெட்டை கிடாய்க்குத் தயாராக இல்லை. கொஞ்சம் அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது, நுனி உருண்டையாக இருக்கிறது என்றால் சரி. எலும்பே தட்டுப்படாத கொழுத்த பெட்டையும் சினை பிடிக்கத் தாமதிக்கும். மெலிந்தவற்றுக்குக் கிடாய் விடுவதற்கு 3 வாரம் முன்பிருந்து நாளுக்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்பு 2, சாதா உப்பு 1 கிலோ என்று கலந்தால் போதும். மாட்டுக்கென விற்கும் தாது உப்பை வாங்கிப் போடாதீர்கள். செம்மறிக்கு தாமிரம் கூடினால் கல்லீரல் கெட்டுச் சாகும். ஆட்டுக்கென்று போட்டிருக்கும் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

குடற்புழு நீக்கத்தை ஜூலையிலேயே முடித்துவிடுங்கள். அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் கரு பழுதாகும். அளவு, ஒரு கிலோ உயிர் எடைக்கு 7.5 மி.கி. 2.5 சதவீதக் கரைசல் என்றால் 25 கிலோ பெட்டைக்கு 7.5 மி.லி. எல்லா ஆட்டுக்கும் குத்துமதிப்பாக 5 மி.லி. ஊற்றுவதுதான் பட்டிகளில் நடக்கும் பெரிய தவறு. குறைந்த அளவில் தப்பிப் பிழைத்த புழுக்கள் பெருகி, இரண்டு மூன்று ஆண்டில் மருந்தே வேலை செய்யாமல் போய்விடும். மழைக்குப் பிறகு கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள். உள்சதை சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தாலும் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினாலும் இரத்தம் உறிஞ்சும் புழு முற்றிவிட்டது, தாமதிக்காதீர்கள்.

முதல் வாரச் சாவுக்குப் பெரும்பாலும் காரணம் சீம்பால் கிடைக்காததும் குளிரும். பெட்டை ஈன்றதும் இரண்டு காம்பையும் ஒரு முறை பீய்ச்சி விடுங்கள். காம்புத் துவாரத்தில் மெழுகு போன்ற அடைப்பு இருக்கும், வலுவில்லாத குட்டியால் அதை உறிஞ்சி எடுக்க முடியாது. எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், பிந்தினாலும் 2 மணி நேரத்துக்குள், குட்டி குடித்தாக வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் போக வேண்டும். அதாவது 2.5 கிலோ குட்டிக்கு 250 மி.லி. தாயிடம் இல்லை என்றால் அன்று ஈன்ற வேறு பெட்டையிடம் பீய்ச்சிக் கொடுங்கள். தொப்புளை டிங்சர் அயோடினில் முழுதாக நனையுங்கள், மேலே தொட்டு வைத்தால் போதாது. மார்கழிப் பனியில் விறைத்துக் கிடக்கும் குட்டிக்கு முதலில் சாக்கால் துடைத்துச் சூடேற்றுங்கள். வாய்க்குள் விரல் வைத்தால் சூடும் உறிஞ்சும் முனைப்பும் தெரிந்த பிறகே பால். துவண்ட குட்டியின் வாயில் பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பெட்டைகளுக்கு ஈனுவதற்கு 3, 4 வாரம் முன்பு துள்ளுமாரித் (குடலில் நஞ்சு உண்டாகித் திடீரெனக் கொல்லும் நோய்) தடுப்பூசி போட்டால், அந்தப் பாதுகாப்பு சீம்பால் வழியாகக் குட்டிக்கும் சேரும். கடைசி 45 நாளில் 200 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் குட்டி எடையும் மடியில் பாலும் கூடும். குட்டிகளுக்கு 3, 4 மாதத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் அம்மைக்கும் ஊசி போடுங்கள். எவ்வெப்போது முகாம் நடக்கிறது என்று அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள்.

இனி விற்பனை. ஒரு தொங்கு தராசு வாங்குங்கள், அது முதல் விற்பனையிலேயே தன் விலையை எடுத்துவிடும். காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன் எடை போடுங்கள். தராசு வரும் வரை தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம், தோள் முனையிலிருந்து பின் பிட்ட எலும்பு வரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, வரும் எண்ணை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 24, நீளம் 22 என்றால் 19 கிலோ சொச்சம். கறியாக நிற்பது அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. வியாபாரி மனத்துக்குள் போடும் கணக்கு இதுதான், உங்களிடமும் அது இருக்கட்டும்.

3 மாதத்தில் 10 கிலோவுக்கு நிற்கும் கிடாய்க் குட்டியை அப்போதே விற்பதா, ஆடி வரை வைப்பதா? மேய்ச்சலை மட்டும் நம்பினால் கோடையில் நாளுக்கு 40, 50 கிராம் ஏறினாலே பெரிது. கூடவே 200 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் 80 முதல் 100 கிராம் வரை ஏற வாய்ப்புண்டு. 90 நாளுக்குத் தீவனம் 18 கிலோ, கூடுதல் எடை 3.5 கிலோவுக்கு மேல். தீவனம் கிலோ 32 ரூபாய், உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், செலவு 576, அதனால் கூடுதலாக வரும் வரவு 1,400. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். பால் மறக்கும்போதே 8 கிலோ எட்டாத குட்டிகள் இந்தத் தீவனத்துக்குப் பலன் தராது. அவற்றைச் சித்திரைக்குள் விற்றுவிடுங்கள், இருக்கும் புல் மற்றவற்றுக்கு மிஞ்சும். அடர்தீவனத்தை 50 கிராமில் தொடங்கி 10 நாளில் கூட்டுங்கள். திடீரென அள்ளிப் போட்டால் வயிறு புளித்துச் சாகும், நல்ல குட்டிதான் முதலில் சாகும். 4 மாதம் ஆனதும் கிடாய்க் குட்டிகளைப் பெட்டைக் குட்டிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். வளராத பெட்டை சினையானால் தாயும் தேறாது, குட்டியும் தேறாது.

விற்கும் நாளில் எடைவாரியாக மூன்று குழுவாகப் பிரித்து நிறுத்தி, ஒவ்வொரு குழுவுக்கும் தனி விலை பேசுங்கள். கலந்து நிறுத்தினால் பொறுக்க இடம் கொடுத்ததாகும். கன்னிவாடி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஏற்றிப் போவதென்றால் வண்டி வாடகை, சுங்கம், தரகு, வழியில் குறையும் எடை எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். 10 குட்டிக்குக் கீழே என்றால் பட்டியிலேயே எடை போட்டு விற்பதுதான் மேல்.

கழிக்க வேண்டிய பெட்டைகளை உங்கள் குறிப்பேடே காட்டும். நல்ல கிடாய் சேர்ந்தும் இரண்டு பருவம் சினை நிற்காதது, மடியில் கட்டி விழுந்து ஒரு பக்கம் பால் வற்றியது, குட்டியை இரண்டு ஈத்தாகச் சேர்க்காதது, கருப்பை வெளித்தள்ளியது, முன்பல் உடைந்தோ விழுந்தோ புல் கடிக்க முடியாதது ஆகியவை போக வேண்டும். மடியைப் பால் வற்றிய பிறகு இரண்டு கையாலும் பிசைந்து பார்த்தால்தான் கட்டி தெரியும். ஒரே ஒரு முறை தவறிய முதல் ஈத்துப் பெட்டைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். கழிப்பதைப் புரட்டாசியில் விற்காமல் தேற்றி, தீபாவளிக்கு முன் விற்றால் விலை வேறு. கருச்சிதைவு இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்தால் கழிப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சிதைந்த கருவை வெறுங்கையால் தொடவே கூடாது, ஆழமாகப் புதையுங்கள்.

30 பெட்டைக்கு ஆண்டுக்கு 6 புதிய பெட்டைகள் தேவை. அவற்றை விற்பனைக்கு முன்பே ஒதுக்குங்கள். முதல் 17 நாளில் பிறந்து, ஆண்டுதோறும் தவறாமல் ஈன்ற தாயின் வயிற்றில் வந்து, 90 நாளில் 10 கிலோ எட்டியவையாக இருக்கட்டும். வியாபாரி நல்ல விலை சொல்லி முதலில் கேட்பதும் அவற்றைத்தான்.

இரண்டு ஆண்டில் மூன்று ஈத்து எடுக்கலாம் என்று சொல்வார்கள். வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தீவனம் வளர்க்கத் தண்ணீர் இருந்தால் முடியும். மானாவாரிக் கொறங்காட்டில் அது பெட்டையை எலும்பாக்கிவிடும். இப்போது கலைந்து கிடக்கும் உங்கள் பட்டியும் ஒரே பருவத்தில் நேராகாது. ஆகஸ்டில் சில பெட்டைகள் நிறைசினையாக இருக்கும், சில இரண்டு மாதக் குட்டியோடு நிற்கும். அவற்றை வரிசைக்குக் கொண்டுவர இரண்டு ஆண்டு பிடிக்கும். செப்டம்பர் 14 அன்று கிடாயைப் பிரிக்கும்போது துணைக்கு ஒரு காயடித்த கிடாயை விட்டால் வேலி தாண்டாமல் நிற்கும்.

சந்தைக்குப் போய் விலை படியாமல் திரும்பிய குட்டிகளை மட்டும் அன்றிரவே பழைய பட்டியில் அடைக்காதீர்கள். ஆட்டுக்கொல்லியும் அம்மையும் பெரும்பாலும் அப்படித்தான் ஊருக்குள் வருகின்றன. மூன்று வாரம் தனி அடைப்பு, தனித் தண்ணீர்த் தொட்டி.