மொரீஷியஸ் கிளம்புகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மொரீஷியஸ் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நாங்கள் நான்கு பேர். மொரீஷியஸ் போய்வர மொத்தம் எவ்வளவு ஆகும்? (ஊர் பெயர் இல்லை)

எந்த மாதம், எத்தனை இரவு, ரிசார்ட்டா, சமையலறை உள்ள வாடகை வீடா, நான்கு பேரில் குழந்தைகள் எத்தனை? ஒன்றும் எழுதாமல் தொகை மட்டும் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். விமானமும் தங்குமிடமும்தான் பெரிய செலவு. டிசம்பர் கடைசி வாரங்களில் இரண்டுமே எகிறும். அவர்களுடைய ஒரு ரூபாய்க்கு நம்முடையது இரண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் மிச்சமானால் லாபம். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

ஜூலையில் கிழக்குக் கரை பெல் மார் பக்கம் நல்ல ரிசார்ட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. முன்பதிவு செய்துவிடலாமா? (சேலம்)

ஏன் பாதி விலை என்று கேட்டீர்களா? ஜூலை அங்கே குளிர்காலம். தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று நேராகக் கிழக்குக் கரையில்தான் மோதும். கடற்கரையில் துண்டை விரித்தால் மணல் வந்து உட்காரும், நீங்கள் உட்கார முடியாது. கடல் நீரும் 23 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும், குழந்தைகள் பத்து நிமிஷத்தில் நடுங்கிக்கொண்டு வெளியே வருவார்கள். ஜூலையில்தான் விடுமுறை என்றால் மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், வடமேற்கே த்ரூ ஓ பீஷ் என்று பாருங்கள். மலைகள் ஓரளவு மறைத்துக்கொள்ளும். மாதத்தை மாற்ற முடியுமானால் அக்டோபர், நவம்பர். கடற்கரையைப் பார்க்கும் முன் காற்றைப் பாருங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதிவிட்டேன்!

விசா? (ஈரோடு, நாகர்கோவில், இன்னும் பலர்)

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி எடுக்க வேண்டாம். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் மூன்றும் கையில் இருக்கட்டும். புறப்படும் முன் பயணப் படிவத்தை அரசு இணையதளத்தில் நிரப்பிவிடுங்கள். அதை நிரப்பித் தருவதற்குத் தனியாகக் காசு கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள்.

கைவசம் ஷெங்கன் விசா இருக்கிறது. அப்படியே பக்கத்திலுள்ள ரீயூனியனுக்கும் போய்வரலாம்தானே? (சென்னை)

ரீயூனியன் தீவு பிரான்ஸைச் சேர்ந்தது, ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

தைப்பூசத்துக்கு மொரீஷியஸ் போக ஆசை. அங்குள்ள தமிழர்களுக்குத் தமிழே தெரியாதாமே, அவர்களோடு எப்படிப் பேசுவது? (மதுரை)

வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி. பிரெஞ்சும் ஆங்கிலமும் பெரும்பாலோருக்கு வரும். ஆங்கிலத்தில் பேசுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அந்தத் ‘தெரியாதாமே’ இருக்கிறதே, அதைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தைப்பூசத்துக்கு முந்தைய மாலை, ஒரு கோவில் முற்றம். வயதான அம்மாள் ஒருவர் புளி போட்டுப் பித்தளைச் செம்புகளைத் துலக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார், மறுநாள் பால் எடுப்பதற்காக. கொடியேற்றியதிலிருந்து பத்து நாள் விரதம். நம் ஊர்ச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று உள்ளே வந்தது. அதில் ஒருவர் அந்த அம்மாளிடம், தமிழர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள், தமிழ் பேசத் தெரியவில்லை, வெட்கமாக இல்லையா என்று கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டார்! மத்தியானம் ஹோட்டலில் சாப்பிட்ட மீனைப் பற்றிப் பேசிக்கொண்டே உள்ளே வந்தவர் அவர். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த செம்பை எடுத்தார்.

கொஞ்சம் வரலாறு தெரிந்துகொண்டு போனால் இந்தக் கேள்வி வாயில் வராது. 1730களில், லா பூர்தொனே பிரெஞ்சு ஆளுநராக இருந்தபோதே, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் கைவினைஞர்களும் தலைநகர் போர்ட் லூயியைக் கட்டப் போனார்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக வந்தார்கள். எல்லா மாகாணத்தவரையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் படிகளைப் போர்ட் லூயியில் பார்க்கலாம். பக்கத்து வீட்டில் போஜ்பூரி பேசும் வட இந்தியர், எதிர் வீட்டில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள், தெருமுனைக் கடையில் சீனர். எல்லோருக்கும் பொதுவாக வந்த மொழி கிரியோல். பல தலைமுறை கழித்து வீட்டில் தமிழ் போயிருக்கிறது. கோவிலும் காவடியும் பெயர்களும் போகவில்லை. நம் பிள்ளைகள் பெங்களூரில் ஒரு தலைமுறை இருந்தாலே எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறார்கள், நாம் போய் அவர்களுக்குப் பாடம் எடுக்கிறோம்.

இறங்கியதும் அந்த ஊர் ரூபாய் நோட்டு ஒன்றை வாங்கிப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழ், அதற்குப் பிறகு இந்தி. 1998இல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்று வரிசையை மாற்றி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதற்காகப் போராடியவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள்தான்.

சரி, பயண விஷயம். தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. குவாத்ர் போர்ன் ஊரையொட்டிய கோர் த கார்ட் மலைச்சரிவுக் கோவிலுக்குக் காவடிகள் ஏறுவதைப் பார்க்க விடிந்ததும் போய்விடுங்கள், நேரமானால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அன்று சைவமாக இருங்கள். அலகு குத்தியவர் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். இன்னொன்று: ஜனவரி, பிப்ரவரி புயல் பருவம். எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் பேருந்து, கடை, விமானம் எல்லாம் நின்றுவிடும். மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? (கோவை)

தெருவிலேயே வயிறு நிறைந்துவிடும். தோல் பூரி என்று வாங்குங்கள். வெந்த கடலைப்பருப்புப் பொடியை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி, இனிப்பில்லாத போளி மாதிரி. ஜோடியாகத்தான் தருவார்கள். நடுவில் மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு, மிளகாய் விழுது வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் கட்டிக் கொடுப்பார்கள். மிளகாயைக் குறைக்கச் சொல்லுங்கள், நம்மையும் அழவைக்கும். பருப்பு வடைக்குத் தங்கச்சி மாதிரி ‘கத்தோ பிமான்’ உண்டு, அதை ரொட்டிக்குள் வைத்துக் காலையில் சாப்பிடுவார்கள். சீனக் கடை நூடுல்ஸில் மட்டும் கேட்டு வாங்குங்கள், முட்டையும் மீன் சாஸும் சொல்லாமல் சேரும்.

ஹோட்டலில் சேகா நடனம் உண்டு என்கிறார்கள். பார்க்கத் தகுந்ததா? (தஞ்சாவூர்)

பூப்போட்ட பாவாடையும் ஸ்பீக்கருமாக ஒரு மணி நேரம் ஓடும், பார்த்துவிட்டுப் போங்கள். ஆனால் சேகா அடிமைகளாக இருந்தவர்களின் பாட்டு. ஆட்டுத்தோல் போர்த்திய ரவான் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றி, விரலால் சுண்டிச் சுருதி பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பொதுக் கடற்கரையில் குடும்பங்கள் சவுக்கு மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆடுவதைப் பார்க்கக் கிடைத்தால் ஹோட்டல் நிகழ்ச்சியை மறந்துவிடுவீர்கள்.

போர்ட் லூயிக்கு ஒரு நாள் போதுமா? (திருச்சி)

போதும். வார நாளாக இருக்கட்டும், ஞாயிறு மதியம் ஊரே அடைத்துக்கிடக்கும். சந்தை, ஜும்மா மசூதி, சீனத் தெரு, ஆப்ரவாசி காட் எல்லாம் நடக்கிற தூரம். ப்ளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847ஆம் ஆண்டு அஞ்சல் தலைகளின் அசல்மீது மணிக்கு ஒரு தடவை சில நிமிஷம்தான் விளக்குப் போடுவார்கள். நேரம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள், இல்லையென்றால் நகலைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

கடலில் இறங்க ஏதாவது தனியாக வேண்டுமா? (தூத்துக்குடி)

ரப்பர் ஷூ. பவளப்பாறைக்கு உள்ளே தண்ணீர் குளம் மாதிரி இருக்கும், அடியில் கடல் முள்ளெலியும் கல்மீனும் இருக்கும். கல்மீன் முள் குத்தினால் நேராக மருத்துவமனைதான். தெற்கே கிரி கிரி பக்கம் பாறை அரணே கிடையாது. அங்கே ஷூ போட்டும் இறங்காதீர்கள், பார்த்துவிட்டு வாருங்கள்.

லெ மோர்ன் மலை ஏறலாமா? அறுபது வயது. (புதுச்சேரி)

பாதி வழி நல்ல மண்பாதை, தாராளமாகப் போகலாம். மேலே கையை ஊன்றித்தான் ஏற வேண்டும், மழை பெய்திருந்தால் வேண்டாம். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது, அதற்காகவே 2008இல் உலகப் பாரம்பரியத் தலமானது. கீழே உள்ள நினைவிடத்தை விட்டுவிடாதீர்கள்.

கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாமா? (ஓசூர்)

ஓட்டலாம், நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான். இருட்டிய பிறகு கரும்புக் காட்டுச் சாலைகளில் நடைபாதையும் இருக்காது, விளக்கும் இருக்காது. ஆறு மணிக்குள் திரும்பிவிடுங்கள். மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் கிராண்ட் பாசின் ஏரிக்கு நாடே நடந்து போகும், அந்தப் பக்கம் காரை எடுக்கவே வேண்டாம்.

ஈ-சிகரெட் கொண்டுபோகலாமா? (பெயர் வெளியிட வேண்டாம் என்கிறார்)

கூடாது. தடை.