எட்டு வருட ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்): அமிட்ரிப்டிலின் மாத்திரையை ஒதுக்காதீர்கள்

எட்டு வருடமாக வயிற்றுப்போக்கு, உப்புசம், கொலோனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) நார்மல், ஒவ்வொரு உணவாக விட்டு இப்போது எடையும் குறைகிறது, அமிட்ரிப்டிலின் மாத்திரையும் வேண்டாம் என்கிறீர்கள். எடை குறைவதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், அதையும் ஐபிஎஸ் தலையில் கட்டிவிடக் கூடாது. சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா? பித்த அமிலத்தால் வரும் வயிற்றுப்போக்கும் இதே வேஷம் போடும். கேட்டுப் பாருங்கள்.

லோ ஃபோட்மேப் (குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில மாவுச்சத்துகளைக் குறைக்கும் உணவு முறை) முறையில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் எல்லாம் விலக்குவது 2 முதல் 6 வாரம் மட்டும்தான். பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து, எது எந்த அளவில் படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் இந்த இரண்டாம் பாதிக்கு வரவே இல்லை. நார்ச்சத்துக்குத் தவிடு வேண்டாம், உப்புசம் கூடும். இசப்கோல் கொஞ்சமாக ஆரம்பிக்கலாம்.

அமிட்ரிப்டிலினை ‘மனநோய் மாத்திரை’ என்று ஒதுக்கினீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. குறைந்த அளவில் தருவது குடல் நரம்புகளின் அதீத உணர்வைத் தணிக்க. 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் 10 முதல் 30 மி.கி. வரை கொடுத்து, 6 மாதத்தில் பலன் தெரிந்தது. மலத்தையும் சற்று இறுக்கும். உங்களுக்கு அது நல்லதுதானே! வாய் உலரும், தூக்கம் அசத்தும் என்பதால் இரவில்தான் தருவார்கள். வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.