ஞாயிற்றுக்கிழமைப் பேஜோவும் திங்கட்கிழமைக் கஞ்சியும்

கேள்வி: எனக்கு வயது 67. யாங்கோனில் இருக்கிறேன். ஒரே பள்ளியில் படித்த நாங்கள் நான்கு பேர், ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வழக்கமான டீக்கடையில் உட்காருவோம். மீன்குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸான மொஹிங்கா, எண்ணெயில் பொரித்த பருப்புப் பலகாரமான பேஜோ, டீ, ஊர்க்கதை என்று பொழுது போகும். இப்போது பேச்செல்லாம் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால்தான். ஒருத்தியின் கணவர் இரண்டு வருடங்களுக்கு முன்னால் பக்கவாதத்தில் போனார். அதிலிருந்து யார் தட்டில் என்ன இருக்கிறது என்று அவள் கணக்குப் பார்க்கிறாள். இன்னொருத்திக்குச் சர்க்கரை நோய். "அந்தக் காலத்தில் எல்லாம்தான் சாப்பிட்டோம், என்ன ஆகிவிட்டது?" என்று சிரித்துக்கொண்டே இனிப்பு டீ இரண்டு குடிப்பாள். போன மாதம் ஒரு தட்டு பேஜோவுக்காக இரண்டு பேரும் சண்டை போட்டுவிட்டார்கள். இப்போது யாரும் வருவதில்லை. யார் சொல்வது சரி? எப்படிச் சேர்த்துவைப்பது? என் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். எனக்குச் சமைக்கவே தோன்றுவதில்லை. ராத்திரிக்குக் கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்று இருக்கிறது. கஞ்சிக்குக் காய்ந்த இறாலைப் பொரித்துச் செய்யும் பலாச்சாங் தொட்டுக்கொண்டால் மீன் சாப்பிட்ட கணக்கில் சேருமா?
— பெயர் வேண்டாம், யாங்கோன்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் தோழிகளுக்குத்தான் இடமெல்லாம். உங்களைப் பற்றிக் கடைசியில் ஓரிரு வரி. அந்த வரிகளில்தான் எனக்குக் கவலை. இருந்தாலும் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

"அந்தக் காலத்தில் எல்லாம் சாப்பிட்டோம்" என்கிற தோழியிடம், எந்தக் காலத்தில் என்று கேளுங்கள். உங்கள் வயதுக்காரர்கள் விவரம் தெரிந்து வளர்ந்தது 1964-க்குப் பிறகு. அந்த ஆண்டுதான் பர்மாவில் கடைகண்ணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் அப்போதுதான். அந்தக் காலகட்டத்தில் லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்த நாட்டை விட்டுப் போனார்கள். தங்கியவர்கள் அரசாங்கம் நடத்திய 'மக்கள் கடை' வரிசையில் நின்றார்கள். எண்ணெயும் இனிப்பு டப்பாப்பாலும் சோப்பும் பங்கீட்டில்தான் கிடைத்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாட்டில் 1967-இல் அரிசிக்கே தட்டுப்பாடு வந்தது. வீட்டுக்கு ஒரு டப்பாப்பால் வந்தால் குழந்தைக்கும் விருந்தாளிக்கும் என்று அம்மா அதை அலமாரியில் வைத்துப் பூட்டிய காலம் அது. உங்கள் தோழி நினைவு வைத்திருப்பது தீபாவளியையும் பொங்கலையும் தீமிதித் திருவிழாவையும். மீதி நாட்களில் எல்லாரும் அளந்துதான் சாப்பிட்டோம். அதைக் கட்டுப்பாடு என்று யாரும் சொல்லவில்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இதில் விட்டுப்போகிறது. எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு எண்பது வயது வரை இருந்த பாட்டி நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறார். நாற்பத்தைந்தில் திடீரென்று போய்விட்ட சித்தப்பாவை யாரும் இந்தப் பேச்சில் கொண்டுவருவதில்லை. 1960-களின் தொடக்கத்தில் இந்த நாட்டின் சராசரி ஆயுள் 50-க்கும் கீழே இருந்தது. இப்போது 65-ஐத் தாண்டிவிட்டது. குழந்தைச் சாவு குறைந்ததுதான் அதற்குப் பெரிய காரணம் என்றாலும், பழைய சாப்பாடு எல்லாரையும் காப்பாற்றியது என்று சொல்வதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது?

மாறியது என்னவென்று பார்த்தால், கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அளவாக ஊற்றிய சட்டியில் இறக்குமதிப் பாமாயில் தாராளமாக வந்து விழுந்தது. பூட்டி வைத்திருந்த டப்பாப்பால் ஒவ்வொரு டீக்கோப்பையிலும் இறங்கியது. ஒரு மேசைக்கரண்டி டப்பாப்பாலில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. நம் ஊர் டீக்கடைக் கை ஒரு கரண்டியோடு நிற்பதில்லை. பெரியவர்கள் நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொன்ன அளவு. உங்கள் தோழி இரண்டு இனிப்பு டீயிலேயே அந்த 25 கிராமைத் தாண்டியிருப்பார். அவர் ஒரு டீயோடு நிறுத்திக்கொள்ளட்டும். இனிப்பைக் குறைக்கச் சொன்னால் டீ போடுகிறவர் குறைத்துத்தான் தருவார். அதன் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மேசைமேல் இருக்கிற ஃபிளாஸ்கிலிருந்து வெறும் டீயை ஊற்றிக் குடிக்கலாம். காசு கேட்காமல் அந்த ஃபிளாஸ்கை வைத்திருக்கும் வழக்கம் இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. கதை பேச அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

கணக்குப் பார்க்கிற தோழியிடம் உண்மை இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்தது நல்லதில்லைதான். ஆனால் அவர் காவல் நிற்கிற இடம் தப்பு. பக்கவாதத்துக்கு முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம். அதற்குப் பார்க்க வேண்டியது தினமும் சேர்கிற உப்பையும் தினமும் போட வேண்டிய மாத்திரையையும். வாரத்துக்கு ஒரு தரம் நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்கிற பேஜோ அதில் எந்த மூலைக்கு? கணவரின் தட்டை அன்றைக்கே கணக்குப் பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் அவரை விடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அவரிடம் சொல்லாதீர்கள். நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

சரி, இப்போது உங்கள் கஞ்சிக்கு வருகிறேன்.

தினமும் ராத்திரி கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிடுகிறீர்கள். பகலில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. எழுதாததிலிருந்தே ஓரளவு புரிகிறது. பெண் குறைவாகச் சாப்பிட்டால்தான் அழகு என்று சொல்லி வளர்த்தார்கள் நம்மை. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டதுபோக மிச்சத்தைச் சாப்பிட்டுப் பழகிய கை, மற்றவர்கள் இல்லாத வீட்டில் உலையே வைக்க மாட்டேன் என்கிறது. சிங்கப்பூரிலிருந்து பேசும் மகனிடம் "சாப்பிட்டேன்பா" என்று சொல்லிவிடலாம். உடம்பிடம் அப்படிச் சொல்ல முடியாது.

வயதாக ஆகத் தசை தானாகவே கரைகிறது. அதைத் தாங்கிப் பிடிக்கப் புரதம் வேண்டும். இளமையில் வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு. 50 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 50, 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். ஒரு கிண்ணம் கஞ்சியில் அதில் பாதி கிடைத்தால் பெரிது. நாக்குக்கும் வயதாகிறது. ருசியும் வாசனையும் மங்குவதால் ஊறுகாய் முன்புபோல உறைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் தொட்டுக்கொள்கிறோம். நாளெல்லாம் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய் அதில் பெரிய பங்கைத் தின்றுவிடும். உங்கள் நான்கு பேரில் உப்பில் அதிகம் மாட்டியிருப்பது ஒருவேளை நீங்கள்தான். உங்கள் தட்டை மட்டும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

மூன்று வேளையும் சமையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் ஃபிரிட்ஜை நம்பிக் குழம்பு வைக்க முடியாது. எண்ணெய் விற்கிற விலையும் எனக்குத் தெரியும். ஆனால் காலையில் தெருவில் பேபியோக்காரி குரல் கொடுப்பாளே, அவளைக் கூப்பிடுங்கள். பட்டாணியை முன்பே ஊறவைத்து முளைவிடச் செய்து, தோல் வெடித்து மாவாகிற பதத்தில் வேகவைத்து, தலையில் தட்டை ஏற்றிக்கொண்டு வருகிறாள். கையை உயர்த்தினால் வாசலில் இறக்கி, வாழையிலையில் அள்ளி மடித்துத் தருவாள். சூட்டில் இலை வாடி அடியில் கரும்பச்சையாகியிருக்கும். சிறிது வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்தால் சோறோ நான் ரொட்டியோ எதற்கும் துணையாகும். கடைவாய்ப் பல் போனவர்களும் மெல்லலாம். அதோடு ஒரு முட்டை போதும், காலை முடிந்தது. ராத்திரிக் கஞ்சியை விட முடியாவிட்டால் விட வேண்டாம். பயற்றம்பருப்பை ஒரு பிடி சேர்த்து வேகவையுங்கள், இறக்கும்போது முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்குங்கள். கடலைமாவுத் தோஃபு சந்தையில் கிடைக்கும். அதுவும் மென்மையானது, புரதமும் உண்டு. தாகம் எடுத்தால்தான் தண்ணீர் என்று இருக்காதீர்கள். இந்த வயதில் தாகம் சரியாகத் தெரியாது.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீண்ட நாளாக மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிற உங்கள் தோழியைப் போன்றவர்கள், அவர் அதைத்தான் போடுகிறார் என்றால், பி12 வைட்டமின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதை விடவும் முக்கியமாக, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரைகள் சில இருக்கின்றன. அவற்றைப் போட்டுக்கொண்டு, இனிப்பு டீக்கு ஈடுகட்ட ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது. மயங்கி விழுந்தபிறகு யார் சொன்னது சரி என்று பட்டிமன்றம் நடத்திப் பயனில்லை.

உங்களை எடை பார்த்துக்கொள்ளவும் சொல்கிறேன். ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள், காரணமில்லாமல் உங்கள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 60 கிலோவுக்கு 3 கிலோ போயிருந்தால், அதை "இளைத்துவிட்டேன்" என்று சந்தோஷமாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். சமைக்கத் தோன்றாதது பசியில்லாததாலா, மனசில்லாததாலா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

சண்டைக்கு வழி கேட்டீர்கள். சமாதானப் பேச்சு வேண்டாம். நடந்ததை நடந்தவாறு பேச உட்கார்ந்தால் பேஜோவைப் பற்றியே மறுபடி பேசுவார்கள். கணக்குப் பார்க்கிற தோழியிடம் போய், "நான் ராத்திரி வெறும் கஞ்சிதான் குடிக்கிறேன், உப்பும் அதிகமாகிறது, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அவருக்கு வேலை கிடைக்கும்; வாரத்தில் இரண்டு நாள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார், ஒரு நாள் கையில் தூக்குப்பாத்திரத்தோடும் வருவார். மற்றவரிடம், "தனியாகச் சாப்பிட முடியவில்லை, புதன்கிழமை வா" என்று சொல்லுங்கள். அவர் வந்தால் உங்கள் வீட்டு டீயில் சர்க்கரை எவ்வளவு என்பது உங்கள் கையில். முதல் வாரம் இருவரையும் ஒரே நாளில் கூப்பிடாதீர்கள். கடிதத்தில் வாயே திறக்காமல் இருக்கிற நான்காவது தோழிக்கும் சொல்லி அனுப்புங்கள். இப்படிப்பட்ட சண்டைகளில் பேசாமல் இருந்தவர் கூப்பிட்டால்தான் இரு தரப்பும் வரும். டீக்கடைக்கு அழைக்கிற வேலையை அவரிடம் விடுங்கள்.

டீக்கடை திரும்பக் கூடினால் மொஹிங்காவைத் தொடாதே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கெளுத்தி மீனைக் கரைத்து, வாழைத்தண்டைச் சீவிப் போட்டு, எலுமிச்சைப்புல் மணக்க, கடலைமாவோ வறுத்த அரிசிமாவோ சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பு அது. உங்கள் ராத்திரிக் கஞ்சியைவிடப் பல மடங்கு மேல். மேலே அவித்த முட்டை ஒன்று கூடுதலாகக் கேளுங்கள். மீன் சாஸ் சேர்ப்பதால் உப்பு உண்டு. பிரஷர் உள்ளவர் கிண்ணத்தின் அடியில் சிறிது குழம்பை விட்டுவிடலாம். பேஜோ நான்கு பேருக்கும் ஒரு தட்டு. அதற்கு மேல் யாராவது கேட்டால் அது அவர் பாடு.

கடைசியாகப் பலாச்சாங். அதில் இருப்பது காய்ந்த இறால், அதனால் புரதக் கணக்கில் கொஞ்சம் சேரும். ஆனால் எண்ணெயில் பொரித்தது, உப்பும் கூட. ஒரு தேக்கரண்டி போட்டுக்கொள்ளுங்கள். அது போடுகிற நாளில் தட்டில் ஊறுகாய் வேண்டாம்.