சீனாக்காரர் இன்ஜினியராக வருகிறார், நாம் மேசை துடைக்க வருகிறோமா?

தம்பி, மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் சாப்பாட்டுக் கடை வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, அதற்குள் நல்ல கேள்வியாகக் கேட்டுவிட்டீர்கள். "புரோட்டோன் கார் ஆலைக்குச் சீனாவிலிருந்து இன்ஜினியர்கள் வருகிறார்கள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த நான் அவர்களுக்குத் தட்டு எடுக்கிறேன். இந்தியா என்றைக்காவது சீனாவை எட்டிப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் ஊருக்குத் திரும்பிவிடுகிறேன், இல்லையென்றால் இங்கேயே தங்க வழி இருக்கிறதா?"

தங்குகிற விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்களிடம் இருப்பது தற்காலிக வேலை பெர்மிட். அதை வைத்துக்கொண்டு குடும்பத்தை அழைத்து வர முடியாது, இங்கே கல்யாணம் செய்துகொள்ள முடியாது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், சாதாரணமாகப் பத்து வருடத்துக்கு மேல் ஓடாது. என்னைப் போல முன்பே வந்து, இங்கேயே பெண் எடுத்து, பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) வாங்கி உட்கார்ந்தவர்களைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அது வேறு காலம். நீங்கள் எப்படியும் திரும்பத்தான் போகிறீர்கள். எந்த வயதில், கையில் என்ன வேலையைக் கற்றுக்கொண்டு என்பதுதான் பாக்கி.

சரி, சீனாவுக்கு வருவோம். இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவ வந்தது நம் ஆட்கள். டவுனில் கடை போட்டது சீனர்கள். இரண்டு பேரும் பஞ்சத்துக்குப் பயந்து கப்பல் ஏறியவர்களே. 1990 வரை மலேசியர்கள் சீனாவுக்குப் போவதற்கு அரசாங்கக் கட்டுப்பாடு இருந்தது. அது நீங்கிய பிறகு ஃபூஜியன் பக்கம் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போன தவுக்கேக்கள் (சீன முதலாளிகள்), துணிமணி, கைக்கடிகாரம், சமையல் எண்ணெய் என்று பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு போன கதை இந்த ஊரில் பலருக்குத் தெரியும். அந்த 1990இல் சீனாவின் தலா வருமானம் ஏறக்குறைய 320 டாலர், இந்தியாவுடையது 370 டாலர். ஆமாம், நாம்தான் ஒரு சுற்று மேலே இருந்தோம்! இன்று சீனா 13,000 டாலரை ஒட்டி நிற்கிறது, மலேசியா 12,000 பக்கம், இந்தியா 2,500ஐக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. பெட்டி சுமந்து போனவரின் நாட்டையே பெட்டி வாங்கியவரின் நாடு எட்டிப் பிடித்துவிட்டது. 2017இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கைச் சீனக் கார் கம்பெனியான ஜீலி வாங்கியது. உங்கள் கடைக்கு அந்த இன்ஜினியர்கள் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கட்சி ஆட்சி, கண்டிப்பு, மலிவுக் கூலி என்று டீக்கடை ஆராய்ச்சி நிறைய நடக்கும். கண்டிப்பால் மட்டும் ஒரு நாடு பணக்கார நாடாகாது. அப்படி ஆகுமென்றால் உலகத்தில் பாதி சர்வாதிகாரிகளின் நாடு சொர்க்கமாக இருந்திருக்கும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1990 கணக்கெடுப்பில் சீனாவில் எழுத்தறிவு 78 விழுக்காடு. 1991 கணக்கெடுப்பில் இந்தியாவில் 52. சீனத் தலைவர் டெங் சியோபிங் 1978இல் பொருளாதாரக் கதவைத் திறக்க ஆரம்பித்து, 1980இல் தெற்குச் சீனாவின் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமானபோது, அங்கே போய் நிற்பதற்கு எட்டாம் வகுப்பு வரை படித்த கிராமத்துப் பெண்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். மெஷினில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும், பெண்கள் வீட்டைவிட்டு வெளியே போய் வேலை செய்வதும் அங்கே அதிசயமில்லை. பொம்மை, செருப்பு, சட்டை என்று தொடங்கி, 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு அவர்களை நிறுத்த ஆள் இல்லை.

நாம் 1991இல் நரசிம்ம ராவ், மன்மோகன் சிங் காலத்தில் கதவைத் திறந்தோம். அதில் முதலில் ஓடியவர்கள் ஆங்கிலமும் பட்டமும் உள்ளவர்கள். சாஃப்ட்வேர் வந்தது, பெங்களூரு வளர்ந்தது, நல்லதுதான். எட்டாவது, பத்தாவது படித்தவனுக்கும் உங்களைப் போல டிப்ளமோக்காரனுக்கும் வேலை கொடுக்கிற தொழிற்சாலைதான் போதவில்லை. சீனாவின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு ஆலைகளிலிருந்து வருகிறது. இந்தியாவில் அது பதினைந்து விழுக்காட்டைச் சுற்றியே வருடக்கணக்காக நிற்கிறது. இன்னமும் உழைப்பாளிகளில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் விவசாயத்தில். அந்த விவசாயம் நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தருவதில்லை. நீங்கள் தட்டு எடுக்கிற கதை இங்கேதான் தொடங்குகிறது தம்பி, உங்கள் மார்க் ஷீட்டில் அல்ல.

வந்த தொழிற்சாலையைத் தக்க வைப்பதிலும் நமக்குப் போதாது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் ஆரம்பித்தது, அக்கம்பக்கத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். நோக்கியாவின் போன் வியாபாரம் சரிந்து கைமாறியது, கூடவே வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. 2014இல் கதவு மூடிவிட்டது.

அப்படியென்றால் பிடிக்கவே மாட்டோமா? கணக்கு நீங்களே போடுங்கள். தலா வருமானம் வருடம் 6 விழுக்காடு வளர்ந்தால் பன்னிரண்டு வருடத்தில் இரட்டிப்பாகும். 2,500 என்பது 5,000 ஆக பன்னிரண்டு வருடம், 10,000 ஆக இருபத்து நான்கு வருடம். இடறாமல் ஓடினாலே, இன்றைய மலேசியா நிற்கிற இடத்துக்குக் கிட்டே வர அவ்வளவு காலம் ஆகும். அப்போது உங்களுக்கு ஐம்பது வயது. நாடு பணக்கார நாடாகட்டும், பிறகு திரும்புகிறேன் என்று காத்திருக்க முடியாது.

சீனாவிலும் எல்லாம் பாலும் தேனுமாக ஓடவில்லை. 2022 முதல் மக்கள்தொகை குறைகிறது, 2023இல் இந்தியா அதைத் தாண்டிவிட்டது. கட்டிய வீடுகளை வாங்க ஆளில்லை. ஜொகூர் பாரு பக்கம் போனால் ஃபாரஸ்ட் சிட்டியைப் பாருங்கள், சீனக் கம்பெனி கட்டிய கோபுரங்களில் இரவில் எத்தனை ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது என்று. 2023 ஜூனில் நகர இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 21.3 விழுக்காடு என்று அறிவித்துவிட்டு, அதன்பிறகு அந்தப் புள்ளிவிவரத்தையே கொஞ்சகாலம் நிறுத்தி வைத்தார்கள். ஆனாலும் அவர்கள் தடுமாறுவதால் நமக்குத் தானாக எதுவும் வந்து விழாது. அந்த ஆலைகளைத் தேடி வியட்நாமும் கைநீட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்று. சீனாவில் நினைத்தால் நிலத்தை எடுத்து ரோடு போடுகிறார்கள், இந்தியாவில் பேசிப் பேசியே காலம் போகிறது என்று உங்கள் கடை மேசைகளில் அடிக்கடி கேட்பீர்கள். தோட்டத்துத் தமிழனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். மலேசியாவின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் முதலான தோட்டங்களின் மேல். அங்கே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தலைமுறையாக இருந்த குடும்பங்கள் டெங்கில் பக்கம் மலிவு அடுக்குமாடிக்குப் போனார்கள், அந்தக் கட்டடம் விரிசல் விட்டது. வேகத்தை நானும் விரும்புகிறேன். யாருடைய அடுப்பின் மேல் ரோடு போகிறது என்று கேட்காத வேகம் எனக்கு வேண்டாம்.

உங்களுக்கு உபயோகமானது இதுதான்: "இந்தியா" என்ற சராசரியில் நீங்கள் வாழப்போவதில்லை. பீகாரையும் தமிழ்நாட்டையும் ஒரே எண்ணில் அடக்கினால் இரண்டுமே தெரியாது. தமிழ்நாட்டில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்கிறது, ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஐபோன் பூட்டுகிறது, ஓசூரில் டாடா எலக்ட்ரானிக்ஸ். இந்தியா முழுவதும் பதிவு பெற்ற ஆலைகளில் வேலை செய்கிற பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில். 2024இல் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகவே 18,000க்கும் மேல் படுக்கைகள் கொண்ட விடுதி திறந்தார்கள். ஷென்சென் ஆரம்பத்தில் செய்ததை நாம் நாற்பது வருடம் தாமதமாக, ஒரு மூலையில் செய்துகொண்டிருக்கிறோம். சம்பளம் இங்கேயுள்ள 1,700 வெள்ளியை (ரிங்கிட்) விடக் குறைவாகத்தான் இருக்கும், முதலில் கொஞ்சம் கசக்கும்.

அதனால் ஊரில் மனை வாங்கிப் போடுகிற அவசரம் வேண்டாம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை அடையுங்கள். அப்புறம் சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல் மெஷின்), பி.எல்.சி. (ஆலை மெஷின்களைத் தானாக ஓட்டுகிற கட்டுப்பாட்டுக் கருவி) ஏதாவது ஒன்றைப் படிக்கிற அளவுக்குப் பணம் ஒதுக்குங்கள், முப்பது வயதுக்கு முன் திரும்புங்கள், டிப்ளமோ ரொம்பப் பழசானால் யாரும் மதிக்கமாட்டார்கள். கடைக்கு வருகிற சீன இன்ஜினியர்களிடம் நாலு வார்த்தை மாண்டரின் பழகிக்கொள்ளுங்கள். ஃபாக்ஸ்கான் தைவான் கம்பெனி, அந்தப் பக்கத்து ஆலைகளில் மேலாளருக்கும் லைனில் நிற்பவருக்கும் நடுவில் பேசத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு உண்டு.

கடைசியாக உங்கள் சம்பளச் சீட்டு. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் ஊழியர் சேமநிதி உண்டு, உங்கள் பங்கு 2 விழுக்காடு, முதலாளி பங்கு 2 விழுக்காடு. ஊருக்குப் போகும்போது அது உங்கள் பணம், கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். லெவி (வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசாங்கத்துக்குக் கட்டுகிற கட்டணம்) முதலாளி கட்ட வேண்டியது, உங்கள் சம்பளத்தில் பிடித்திருந்தால் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், தொழிலாளர் இலாகாவில் எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். பாஸ்போர்ட்டை மட்டும் யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.