சுவருக்குள் இருந்தது என்ன? (வாசகர் கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், நாராகன்செட் என்ற பூர்வகுடியினர் பெருஞ்சதுப்பில் கட்டியிருந்த கோட்டையை 1675-இல் ஆங்கிலேயக் குடியேறிகளின் படை எரித்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதை அடைக்கலக் கிராமம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மரச்சுவரும் காவல் அரணும் துப்பாக்கிகளும் உள்ள இடம் எப்படி அடைக்கலமாகும்? நடுநிலை வகித்தவர்களுக்குக் கோட்டை எதற்கு? உள்ளே இருந்தவர்கள் தாக்கவந்த படையில் ஏறத்தாழ எழுபது பேரைக் கொன்றிருக்கிறார்கள். வசந்தத்தில் எதிரி கிளம்புவான் என்று தெரிந்தால், எந்தப் படைத்தலைவனும் குளிர்காலத்திலேயே முந்திக்கொள்வான். ராணுவத்தில் பணியாற்றியவன் என்பதால் கேட்கிறேன்.

என் மகள் பாஸ்டனில் இருக்கிறாள். அடுத்த முறை போகும்போது அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

அது கோட்டைதான், மறுக்கவில்லை. உள்ளே வீரர்களும் இருந்தார்கள், கடுமையாகவே போரிட்டார்கள். ஆனால் சுவர் இருப்பதாலேயே ஓர் ஊர் படைமுகாம் ஆகிவிடாது. சுவருக்குள் என்ன இருந்தது என்பதைத் தாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஒன்றான ப்ளிமத் காலனியின் பெஞ்சமின் சர்ச் அன்று அங்கே காயம்பட்டவர். குடில்களின் உட்புறம் தானியக் கூடைகளும் தொட்டிகளும் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன, துப்பாக்கிக் குண்டு அவற்றைத் துளைக்காது, அந்த உணவு படை முழுவதற்கும் வசந்தம் வரை காணும் என்கிறது அவருடைய நினைவுக்குறிப்பு. சதுப்பின் நடுவே ஐந்தாறு ஏக்கர் மேட்டில் சுமார் 500 குடில்கள் இருந்ததாகச் சொல்வார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், ஒரு குளிர்காலத்துக்கான சாப்பாடு: இதுதான் உள்ளே இருந்தது. சுவர்கூட முடிந்திருக்கவில்லை. ஒரு மூலையில் இடைவெளி; அதன் குறுக்கே ஆள் தாண்டக்கூடிய உயரத்தில் ஒரு அடிமரம், எதிரே காவல் அரண். பிடிபட்ட பீட்டர் என்ற செவ்விந்தியர் படையை நேரே அந்த மூலைக்குத்தான் அழைத்துப்போனார். மாசசூசெட்ஸ் படையின் ஜான்சன், டேவன்போர்ட் என்ற இரண்டு கேப்டன்கள் அங்கேயே விழுந்தார்கள். சதுப்பு உறைந்து கெட்டிப்பட்டிராவிட்டால் படை அவ்வளவு தூரம் நெருங்கியிருக்கவே முடியாது.

நடுநிலையாளர்களுக்குக் கோட்டை எதற்கு என்கிறீர்கள். 1637-இல் மிஸ்டிக்கில் மரச்சுவர் சூழ்ந்த, பீக்வாட் என்ற மற்றொரு பூர்வகுடியினரின் கிராமத்தை ஆங்கிலேயர்கள் தீவைத்து எரித்தபோது, நாராகன்செட் வீரர்கள் அவர்களுடைய கூட்டாளிகளாகக் கூடவே போனவர்கள். இப்படிப் போரிட்டால் மிக அதிகமான பேர் சாவார்கள் என்று அவர்கள் அங்கேயே முறையிட்டதை ஆங்கிலேயத் தளபதி ஒருவரே பதிவு செய்திருக்கிறார். அதைக் கண்ணால் பார்த்தவர்களில் சிலராவது 1675-இல் உயிரோடு இருந்திருப்பார்கள். பக்கத்து நாடு பற்றி எரியும்போது அவர்கள் பெண்டுபிள்ளைகளைச் சதுப்புக்குள் கொண்டுபோய் வைத்துச் சுவர் எழுப்பியது எனக்கு வியப்பாக இல்லை.

1675 ஜூனில், பக்கத்துப் பூர்வகுடியினரான வாம்பனோவாக்குகளின் தலைவர் மெட்டகாமுக்கும் காலனிகளுக்கும் போர் மூண்டது. தப்பி வந்த வாம்பனோவாக் மக்கள் நாராகன்செட்டுகளிடம் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களை ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் காலனிகளின் முதன்மையான கோரிக்கை. அக்டோபரில் நாராகன்செட் தலைவர் கனான்செட் பாஸ்டனுக்குப் போய்க் கையெழுத்திட்டார். 28-ஆம் தேதி கெடு. கெடு கடந்தது, ஒருவரையும் ஒப்படைக்கவில்லை. ஒரு வாம்பனோவாக்கை மட்டுமல்ல, அவன் வெட்டியெறிந்த நகத்துணுக்கைக்கூடத் தரமாட்டேன் என்று அவர் சொன்னதாக ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே எழுதுகிறார்கள். இதே மக்கள்தான் 1636-இல் மாசசூசெட்ஸ் துரத்திவிட்ட மதபோதகர் ராஜர் வில்லியம்ஸுக்கும் நிலம் கொடுத்து வாழவைத்தவர்கள். தஞ்சமென்று வந்தவரைக் கைவிடாத அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் அதை அடைக்கலக் கிராமம் என்று எழுதினேன். இப்போதும் அப்படியே எழுதுவேன்.

முந்திக்கொள்வது பற்றி நீங்கள் சொல்வதில் ஒரு படைவீரரின் நியாயம் இருக்கிறது. இளைஞர்கள் சிலர் மெட்டகாமுடன் சேர்ந்துவிட்டார்கள் என்ற அச்சம் காலனிகளுக்கு இருந்தது உண்மை. ஆனால் ப்ளிமத், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் காலனிகள் திரட்டிய ஆயிரம் பேர் படைக்கு வேறொரு ஆசையும் காட்டப்பட்டது. டெடம் சமவெளியில் அணிவகுத்த மாசசூசெட்ஸ் வீரர்களிடம், கோட்டையைப் பிடித்து எதிரியை நாராகன்செட் நாட்டைவிட்டு விரட்டினால் சம்பளம் போக நிலமும் உண்டு என்று அறிவித்தார்கள். அந்த வாக்கின் பேரில் 1730-களில் அவர்களுடைய வாரிசுகளுக்கு ஏழு ஊர்களுக்கான நிலம் வேறு இடங்களில் அளந்து கொடுக்கப்பட்டது. நிலத்தை முன்வைத்துத் திரட்டிய படையைத் தற்காப்புப் படை என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த எழுபது பேர் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. கோட்டை கைக்கு வந்ததும் குடில்களுக்குத் தீ வைத்தார்கள். வேண்டாம், நம் காயம்பட்டவர்களுக்கு இங்கே கூரையும் உணவும் இருக்கிறது என்று சர்ச் மன்றாடினார். யாரும் கேட்கவில்லை. தானியம் எரிந்தது, வெளியேற முடியாத முதியவர்களும் குழந்தைகளும் எரிந்தார்கள். இறந்த நாராகன்செட்டுகளின் எண்ணிக்கையை 300 என்பாரும் உண்டு, 1000 என்பாரும் உண்டு. பிறகு அதே இரவில் கொட்டும் பனியில் காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு படை தான் முன்பு திரண்ட விக்ஃபோர்டுக்குத் திரும்பி நடந்தது. உங்கள் எழுபதில் பலர் அந்த நடையிலும் அடுத்து வந்த நாட்களிலும் இறந்தவர்கள்.

முந்திக்கொண்டதில் என்ன கிடைத்தது? தப்பிய வீரர்கள் முழுமூச்சாகப் போரில் இறங்கினார்கள். 1676 மார்ச் 26 அன்று கனான்செட்டின் ஆட்கள் ப்ளிமத்தின் கேப்டன் பியர்ஸின் படையைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்தார்கள். மூன்று நாள் கழித்துப் பிராவிடன்ஸ் எரிந்தது, ராஜர் வில்லியம்ஸின் வீடு உட்பட. ஆனால் டிசம்பரில் எரிந்த தானியம் அவர்களை விடாமல் துரத்தியது. புதிய இடத்தில் பயிரிட விதை மக்காச்சோளம் இல்லை. அதை எடுத்துவரச் சிறு குழுவோடு தெற்கே வந்தபோதுதான் ஏப்ரலில் கனான்செட் பிடிபட்டார். தன் மனம் இளகும் முன்பே சாவதுதான் நல்லது என்று சொல்லி ஸ்டோனிங்டனில் மரணத்தை ஏற்றார்.

அந்த இடத்தைப் பார்ப்பது பற்றி. பாஸ்டனிலிருந்து சவுத் கிங்ஸ்டவுனுக்குக் காரில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். அங்கே 1906-இல் நிறுத்திய கருங்கல் தூண் இருக்கிறது. நாராகன்செட்டுகள் இறுதியாக நின்று போரிட்டு நசுக்கப்பட்ட இடம் என்ற பொருளில் அதில் பொறித்திருப்பார்கள். மார்ச் மாதக் கதையை அறிந்த நீங்கள் அதை நம்பவேண்டியதில்லை. கோட்டை துல்லியமாக எங்கே இருந்தது என்பதை அகழாய்வு இன்னும் உறுதிசெய்யவில்லை. 2021-இல் ரோட் ஐலண்ட் வரலாற்றுச் சங்கம் அந்த நிலத்தை நாராகன்செட் பழங்குடியினரிடமே ஒப்படைத்துவிட்டது. ஆண்டுதோறும் அங்கே கூடி முன்னோருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். எனவே போவதற்கு முன் அவர்களுடைய அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால், பூர்வகுடிகளே நடத்தும் டோமக்வாக் அருங்காட்சியகத்துக்கும் மகளை அழைத்துப் போங்கள். விக்ஃபோர்டில் படை திரண்ட ஸ்மித் மாளிகையின் வளாகத்தில் இறந்த வீரர்களின் பொதுக் கல்லறை இருக்கிறது. ராணுவத்தில் இருந்தவர் நீங்கள், அதையும் பார்க்க விரும்புவீர்கள்.

அன்புடன்.