சாலையை அகலப்படுத்தினால் நடந்து செல்பவர்களுக்கு ஏன் ஆபத்து கூடுகிறது?

நெரிசல் குறைந்தால் விபத்தும் குறையும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்து செல்பவரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நேர்மாறானது. அகலமான, நேரான சாலையில், பலகையில் எழுதியிருக்கும் வேக வரம்பு எதுவானாலும், ஓட்டுநர் தன்னையறியாமல் வேகத்தைக் கூட்டிவிடுகிறார். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு உயர்வதால், மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் காரைவிட 50 கிலோமீட்டரில் வரும் அதே கார் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலுடன் மோதும். நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் தெருக்களுக்கு 30 கிலோமீட்டரையே உச்ச வரம்பாக உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதனால்தான்.

கடக்கும் தூரமும் கூடுகிறது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 7 மீட்டர் சாலையை 6 நொடிகளில் கடந்துவிடுவார். 21 மீட்டருக்கு 17 நொடிகளுக்கு மேல் வேண்டும், முதியவருக்கு இன்னும் அதிகம். நடுவில் நின்று மூச்சுவிடத் திட்டு இல்லையென்றால், சிக்னல் மாறும்போது அவர் பாதிச் சாலையில் அகப்பட்டுக்கொள்வார். சந்திப்பின் முனையைப் பெரிய வளைவாக அமைப்பதும், காத்திராமல் இடப்புறம் திரும்ப விடுவதும் வேகத்தைக் குறைக்காமலே வண்டி திரும்ப வழிசெய்கின்றன.

இதற்கு நடைமேம்பாலத்தைத் தீர்வாகச் சொல்வது, என் பார்வையில், நடப்பவரைப் படியேறச் சொல்லிக் காருக்கு வழிவிடுவதுதான். சென்னைப் பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் வேறு வழியைத் தேர்ந்தது: நடைபாதையை அகலமாக்கி, வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்தது.