முடுக்கியில் வேகமூட்டிய துகள் கற்றை பாய்ந்தால், அது மோதும் உலோக இலக்கு தாங்குமா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

உருகிவிடுமா என்பதைவிட, உருகும் முன்பே பிளந்துவிடுமா என்பதுதான் பெரிய கவலை. ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில், பொருள்களைக் கற்றையால் தாக்கிச் சோதிக்கும் ஹைராட்மேட் கூடத்தில் 440 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்களை டங்ஸ்டன், டான்டலம், இரிடியம் தண்டுகள்மேல் சில மைக்ரோ நொடிகளுக்குள் பாய்ச்சுகிறார்கள். சூடான நடுப்பகுதி விரியப் பார்க்கும். சுற்றியுள்ள உலோகம் சட்டென்று நகராது. அந்த இறுக்கம் அழுத்த அலையாக ஓடி, விளிம்பில் பட்டுத் திரும்பும்போது இழுவிசையாக மாறும். அந்த இழுப்பில்தான் தண்டு உள்ளுக்குள் பிளக்கிறது. மேற்பரப்பின் அதிர்வை லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தைப் பார்க்கும் லேசர் டாப்ளர் கருவி தூரத்திலிருந்தே அளக்கும்.

அப்புறம் கதிரியக்கம் தணிந்ததும் தண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கட்டம்: வெளியே தெரியாத விரிசலும் இங்கே அகப்பட்டுவிடும்.

நீண்டகாலச் சேதம் வேறு. அணுக்கள் இடம்பெயர்ந்து, அணுவினைகளில் உண்டாகும் ஹீலியம் வாயு உள்ளே சேர்ந்து, உலோகம் மெல்ல நொறுங்கும் தன்மை பெறும். அதற்கு நெடுநாள் கதிர்வீச்சில் வைத்த மாதிரிகளை இழுத்தும் வளைத்தும் பார்க்க வேண்டும்.